வளர்ந்தால் தண்டனையா? தீவு நாட்டில் சிறுதொழில் கொள்கை வகுக்கும் முறை

வளரும் தீவு நாடுகளில் சிறுதொழில் கொள்கை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் புதிய கடன் திட்டத்தில்தான் தொடங்குவார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். தொழில்கள் எந்த இடத்தில் வளராமல் நின்றுவிடுகின்றன என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். வரித் துறையிடமிருந்து பெயர் நீக்கிய விற்றுமுதல் விவரங்களை வாங்கி வரிசைப்படுத்துங்கள். வாட் எனும் மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு கட்டாயமாகும் விற்றுமுதல் வரம்புக்குச் சற்றுக் கீழே கூட்டம் நெருக்கியடிக்க, சற்று மேலே ஆளே இல்லையென்றால், அங்கே சட்டமே ஒரு சுவரை எழுப்பியிருக்கிறது. தொழிலாளர் எண்ணிக்கையையும் இதேபோல் வரிசைப்படுத்திப் பாருங்கள்.

அந்தச் சுவரின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் ஒரு கடையின் விற்பனை 100. அதில் 60 வரியோடு வாங்கிய சரக்கு, 30 கூலியும் வாடகையும், மீதி 10 லாபம். வாட் 15 சதவீதம். பக்கத்துக் கடை பதிவு செய்யாதது, ஆகவே விலையை ஏற்ற முடியாது. இந்தக் கடை பதிவு செய்துவிட்டால், 100க்குள் அடங்கிய வரி 13.04, கொள்முதலுக்காகக் கழித்துக்கொள்ளக் கிடைப்பது 7.83. அரசுக்குக் கட்ட வேண்டியது ஏறத்தாழ 5.2. ஒரே ஆண்டில் லாபத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, கணக்காளர் சம்பளம் தனி. இந்த நிலையில் உறவினர் பெயரில் இரண்டாவது கடையைத் திறப்பவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

வரம்பை உயர்த்துவது ஒரு வழி. ஜமைக்கா 2019இல் வாட் போன்ற தன் பொது நுகர்வு வரிக்கான வரம்பை 30 லட்சம் ஜமைக்கா டாலரிலிருந்து 1 கோடியாக உயர்த்தியது. ஆனால் வரம்பை உயர்த்துவதால் சுவர் நகருமே தவிர, மறையாது. வரம்புக்குக் கீழே இருப்பவர்களிடம் விற்றுமுதலில் 1 முதல் 3 சதவீதம் வரை எளிய வரி வாங்கினால், ஏற வேண்டிய படியின் உயரம் குறையும். இதிலும் கவனம் வேண்டும்: 4 சதவீத லாபத்தில் ஓடும் மொத்த வியாபாரிக்கு 2 சதவீத விற்றுமுதல் வரி என்றால் லாபத்தில் பாதி போயிற்று. ஆகவே விகிதத்தைத் தொழில்வகைக்கு ஏற்ப வையுங்கள். அளவு வரம்பைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தாண்டினால்தான் சிறுதொழில் தகுதி போகும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் வகுத்த விதி. அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வாட், தணிக்கை, தொழிலாளர் சட்டம், சலுகைத் தகுதி ஆகிய எல்லாவற்றின் வரம்பையும் ஒரே எண்ணில் வைத்துவிடாதீர்கள். நிர்வாகத்துக்கு வசதிதான், தொழிலுக்கு அது நான்கு மடங்குச் சுவர். வரம்புக்குக் கீழே உள்ளவர்கள் விரும்பினால் வாட் பதிவு செய்துகொள்ளவும் வழி விடுங்கள். ஹோட்டலுக்கும் ஏற்றுமதியாளருக்கும் சரக்குத் தருபவர்களிடம் வரிப் பில் இல்லையென்றால், வாங்குபவர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்.

உரிமங்களின் கதை இதைவிட எளிது. ஒரு தொழில் தொடங்கத் தேவையான எல்லா அனுமதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது தடுக்கும் ஆபத்து எது என்று எழுதுங்கள். ஆபத்து எதையும் எழுத முடியாதவற்றை ரத்து செய்துவிடலாம். உணவு, எரிபொருள், ரசாயனம் போன்றவற்றுக்கு முன்ஆய்வு இருக்கட்டும். மற்றவர்கள் விதிகளைப் பின்பற்றுவதாக உறுதி கொடுத்துவிட்டுத் தொடங்கலாம், அதிகாரி பிறகு வந்து பார்க்கட்டும். மொரீஷியஸ் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று வேலைநாளில் தொழில் தொடங்க வழி செய்தது இந்த முறையில்தான். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. ‘ஒரே சாளரம்’ என்று புதிய அலுவலகம் திறப்பார்கள், ஆனால் கையெழுத்து அதிகாரம் பழைய துறைகளிடமே இருக்கும். ஐந்து சாளரம் ஆறாகும். அதிகாரத்தைச் சட்டப்படி மாற்றித் தர முடியாவிட்டால் அந்த அலுவலகத்தைத் திறக்காமலிருப்பதே மேல்.

கடனுக்கு வருவோம். பசிபிக் தீவுகள் பலவற்றில் பெரும்பகுதி நிலத்தை எளிதில் அடமானம் வைக்க முடியாது. வனுவாட்டுவின் அரசியலமைப்புப்படி நிலம் முழுவதும் மரபுவழி உரிமையாளர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் சொந்தம். ஆகவே படகு, இயந்திரம், சரக்கு இருப்பு, வர வேண்டிய பில் பாக்கி போன்ற அசையும் சொத்தின் மீது ஈடு பதியும் இணையப் பதிவேடு வேண்டும். வனுவாட்டுவும் சாலமன் தீவுகளும் இதற்கான சட்டத்தை 2008இல் கொண்டுவந்தன. ஜமைக்காவில் இது 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பதிவேடு இருந்தும் வங்கி கடன் தராமல் இருந்தால், பறிமுதல் செய்யும் பொருளை அந்தச் சின்ன நாட்டில் யார் வாங்குவார்கள் என்ற பயம் காரணமாக இருக்கலாம். அப்போது எளிதில் பணமாகும் பில் பாக்கி மீதான கடனிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்குப் போகாமல் ஈட்டை விற்கும் வழியும் சட்டத்தில் இருக்கட்டும்.

அரசு கடன் உத்தரவாதம் தருவதானால் கடன் தொகையில் 50 முதல் 80 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். முழுவதையும் அரசே ஏற்றால் வங்கி கடனாளியை ஆராயாது. கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு எவ்வளவு நாளில் பணம் தரப்படும், எந்தக் காரணத்துக்கு மறுக்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கோரிக்கையை ஒருமுறை இழுத்தடித்தால் போதும், அடுத்த ஆண்டு எந்த வங்கியும் உங்கள் உத்தரவாதத்தைச் சீந்தாது.

தீவில் பெரும்பாலும் அரசுதான் மிகப் பெரிய வாடிக்கையாளர். அது தாமதமாகப் பணம் தருவதே சிறுதொழிலுக்கு விழும் பெரிய அடி. 10 சதவீத லாபத்தில் 100க்குப் பொருள் கொடுத்தவர், செலவான 90ஐ ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் கடனாக வாங்கியிருந்தால், பில் பணம் வர நான்கு மாதம் ஆனால் வட்டி 5.4. லாபத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே. எனவே சிறுதொழிலுக்கு இத்தனை சதவீதம் டெண்டர் ஒதுக்கீடு என்று அறிவிக்கும் முன், 30 நாளில் பணம் என்ற விதியைக் கொண்டுவாருங்கள். தாமத வட்டி கேட்காமலே பில்லோடு சேர்ந்து வர வேண்டும்; கேட்டு வாங்கச் சொன்னால் அடுத்த டெண்டர் போய்விடுமோ என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய டெண்டர்களைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். வைப்புத்தொகைக்குப் பதிலாக, வென்ற பின் விலகினால் இத்தனை ஆண்டு தடை என்ற உறுதிமொழியே போதும்.

துறைமுகத்தில் பார்க்க வேண்டியது வரி விகிதத்தைவிட நிலையான கட்டணங்களை. ஒரு சுங்க அறிவிப்புக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணம் முழு கன்டெய்னர் கொண்டுவருபவருக்குக் கணக்கில் தெரியாது. ஐந்து பெட்டி கொண்டுவருபவருக்கு அதுவே பெரிய செலவு. மதிப்புக்கு ஏற்ற கட்டணம் வையுங்கள், பலருடைய சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்துக் கொண்டுவரவும் அனுமதியுங்கள்.

புயல் விதிகளைப் புயலுக்கு முன்பே எழுதி வையுங்கள். 2017இல் மரியா சூறாவளியால் கரீபியன் தீவு நாடான டொமினிக்காவுக்கு ஏற்பட்ட சேதமும் இழப்பும் அதன் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல் 226 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. அந்த நிலையில் கூடிப் பேசி விதி வகுக்க யாருக்கும் நேரம் இருக்காது. பேரிடர் அறிவிப்பு வந்த நாளிலிருந்து எத்தனை மாதம் கடன் தவணை நிற்கும், வரித் தாக்கல் எவ்வளவு தள்ளிப்போகும் என்பதெல்லாம் ஏற்கெனவே அரசிதழில் இருக்க வேண்டும். அந்த மாதங்களைக் கடன் தகவல் பணியகம் தவறிய தவணையாகப் பதியக் கூடாது என்ற வரியும் அவசியம். அது விடுபட்டால், சலுகை பெற்ற கடைக்காரருக்கு மறு ஆண்டு யாரும் கடன் தர மாட்டார்கள்.

எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை கடன் என்ற எண்ணிக்கைகளை வைத்துத் திட்டத்தை மதிப்பிடாதீர்கள். உதவி பெற்றவர்களில் 24 மாதம் கழித்து எத்தனை பேர் தொழிலில் இருக்கிறார்கள், சம்பளத்துக்கு எத்தனை பேரை வைத்திருக்கிறார்கள் என்பதை, உதவி பெறாத அதே அளவுத் தொழில்களோடு ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் வரிசைப்படுத்திய விற்றுமுதல் விவரத்தையும் ஆண்டுதோறும் எடுத்துப் பாருங்கள். வரம்புக்குக் கீழே இருந்த நெரிசல் கலையவில்லை என்றால், அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது.