ஒரட்டோரியோ பாடகராகத் தொழில் நடத்துவது எப்படி

இங்கிலாந்தில் ஒரு நடுத்தர ஊர், டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. குளிர்ந்து கிடக்கும் தேவாலயத்தில் அந்த ஊர்ச் சேர்ந்திசைச் சங்கத்தார் கோட்டைக் கழற்றாமலேயே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால், உச்சக் குரலிலிருந்து கீழ்க்குரல்வரை, நான்கு நாற்காலிகள்: சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ். காலையில் ரயிலேறி வந்த இந்த நான்கு தனிப்பாடகர்களும் இதற்குமுன் ஒருவரையொருவர் பார்த்திராதவர்களாகக்கூட இருக்கலாம். ஹேண்டலின் ‘மேசியா’வை இசைக்குழுவோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏழரை மணிக்குக் கச்சேரி ஏறிவிட வேண்டும். ஒரட்டோரியோ என்பது பெரும்பாலும் வேதக் கதையை, நடிப்பும் வேஷமும் இல்லாமல், தனிப்பாடகர்களும் கோரஸும் இசைக்குழுவும் சேர்ந்து பாடிச் சொல்லும் பெரிய இசைப் படைப்பு. அதைப் பாடுகிறவரின் தொழில் பெரும்பாலும் இப்படிப்பட்ட நாட்களால் ஆனது. ஓபராவில் பல வார ஒத்திகை உண்டு, அங்கேயே கற்றுக்கொண்டும் சமாளிக்கலாம். இங்கே கற்க வேண்டியதெல்லாம் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். நாளை காலை அழைப்பு வந்தால் எந்தெந்தப் படைப்பை நம்பிப் பாட முடியும் என்று முதலில் ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். அது எவ்வளவு குட்டையாக இருக்கிறது என்பதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது.

பட்டியலை நிரப்பும்போது நாட்காட்டியைப் பார்த்து நிரப்புவது நல்லது. பிரிட்டனில் டிசம்பர் என்றால் ‘மேசியா’. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் கோரல் சொசைட்டி 1876 முதல் அதைப் புனித வெள்ளியன்றும் பாடி வருகிறது. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும், இயேசு பட்ட பாடுகளைச் சொல்லும் பாக்கின் ‘யோவான் பாடுகள்’, ‘மத்தேயு பாடுகள்’ ஆகிய இரண்டின் ராஜ்ஜியம்தான். நார்டன் என்ற சிற்றூரின் பெரிய தேவாலயத்தில் 1922 முதல் நடந்துவரும் ‘மத்தேயு பாடுகள்’ டச்சுக்காரர்களுக்கு ஏறக்குறைய ஒரு தேசியச் சடங்கு. ஜெர்மன் ஊர்களில் கிறிஸ்துமஸுக்கு, பாக் 1734-35இல் ஆறு பகுதிகளாக எழுதிய கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோ. இந்த நான்கும் மனப்பாடத்துக்கு அருகில் இருக்குமானால் ஆண்டின் பாதிக்கு அடித்தளம் கிடைத்துவிடும். ஹைடனின் ‘படைப்பு’ம் மெண்டல்சோனின் ‘எலியா’வும் பாக், ஹேண்டல் வாழ்ந்த பரோக் காலத்தவை அல்ல என்றாலும், சேர்ந்திசைச் சங்கங்கள் கேட்பவை என்பதால் அவற்றை ஒதுக்க வேண்டாம்.

அழைப்பு வந்தவுடன் ஒப்புக்கொள்ளும் அவசரத்தில் பலர் கேட்க மறக்கும் கேள்விகள் இரண்டு. முதலாவது, எந்தப் பதிப்பு, யாருக்கு எந்தப் பாட்டு என்பது. ஹேண்டல் 1741இல் இருபத்துநான்கு நாட்களில் எழுதி, 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் அரங்கேற்றிய ‘மேசியா’வை, அதன்பின் கையில் கிடைத்த பாடகர்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருந்தார். பாஸ் குரலுக்கென இருந்த ‘அவர் வரும் நாளைச் சகிப்பவன் யார்’ என்ற பாட்டை 1750இல் குவதான்யி என்ற ஆல்ட்டோ பாடகருக்காகப் புதிதாக எழுதிக்கொடுத்தார். இன்றுவரை அது சில இடங்களில் பாஸுக்கும் சில இடங்களில் ஆல்ட்டோவுக்கும் போகிறது. கேட்டுக்கொள்ளாமல் போனால், மதிய ஒத்திகையில் இருவர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்க நேரும், அல்லது ஒருவரும் எழாமல் போக நேரும், இரண்டாவதுதான் மோசம். அடுத்த கேள்வி சுருதி. நவீன இசைக்குழு ‘ஏ’ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் வைக்கிறது, பழைய வாத்தியங்களை வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் அரைச் சுரம் கீழே 415இல் வைக்கின்றன. காகிதத்தில் அரைச் சுரம் சின்ன விஷயம். ஆனால் மணிக்கணக்கில் உச்சத்திலேயே நின்று கதை சொல்ல வேண்டிய டெனருக்கு அது தொண்டை பிழைப்பதற்கும் கட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம். ஒவ்வொரு பாத்திரத்தையும் இரு சுருதியிலும் பாடிப் பழகி வையுங்கள்.

கதை சொல்கிறவர் என்று நான் குறிப்பிட்டது, பாக்கின் ‘பாடுக’ளில் சுவிசேஷக் கதையைச் சொல்லிச் செல்லும் பாத்திரமான சுவிசேஷகரை. டெனர் குரலுக்கு இந்தத் துறையிலேயே பெரிய பிழைப்பு அந்தப் பாத்திரம்தான், அதில் ஏமாற்றவும் முடியாது. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட ரெசிட்டட்டிவ் நடையில், செல்லோவும் ஆர்கனும் மட்டும் துணை நிற்க, வேத வசனத்தை வரி வரியாகச் சொல்லிச் செல்ல வேண்டும். பேதுரு மறுதலித்து, சேவல் கூவி, ‘வெளியே போய், மனங்கசந்து அழுதான்’ என்று வருகிற இடத்தைப் பாருங்கள். யோவான் சுவிசேஷத்தில் அந்த அழுகை இல்லை; மத்தேயுவிலிருந்து எடுத்து ‘யோவான் பாடுக’ளுக்குள்ளும் பாக் அதைச் சேர்த்தார். அங்கே ‘அழுதான்’ என்ற ஜெர்மன் சொல் அரை அரைச் சுரமாக நெளிந்து நீள்கிறது. இதைச் சாதகம் செய்யும் முறை இது: முதலில் ஒரு வாரம் பாடவே வேண்டாம், ஜெர்மன் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார, வசனத்தைச் செய்தி சொல்வதுபோல் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் அழுத்தம் இயல்பாக விழுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். அடுத்து, தாளக்கட்டை விட்டுவிட்டு, எழுதிய சுரத்தில் அதே வேகத்தில் சொல்லுங்கள். எழுதியிருக்கும் கால அளவுகளைக் கடைசியாகத்தான் உள்ளே விட வேண்டும். அழுகையைக் குரலில் நடித்துக் காட்டத் தேவையில்லை, அதைச் சுரங்களே செய்துவிடுகின்றன.

மொழியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே லத்தீன் சொல்லை இத்தாலிய வழக்கில் ‘உனிஜெனிட்டெ’ என்றும், ஜெர்மன் வழக்கில் ‘உனிகெனிட்டெ’ என்றும் சொல்வார்கள். லத்தீன் வழிபாட்டு வாசகத்துக்கு பாக் இசையமைத்த பி மைனர் மாஸைப் பாடப் போகிறவர் இரண்டையும் தயாராக வைத்திருந்து, அன்றைய நடத்துநர் சொல்வதைப் பாட வேண்டும்.

பிருகாவுக்கு, அதாவது வேகமான சுர ஓட்டத்துக்கு, வருவோம். ‘மேசியா’வில் ‘பள்ளமெல்லாம் உயர்த்தப்பட்டு’ என்ற டெனர் பாட்டில் ‘உயர்த்தப்பட்டு’ என்ற சொல் பல பார்களுக்கு (தாள வட்டங்களுக்கு) ஏறியிறங்கி ஓடும். ‘கோணலானது’ என்னும் இடத்தில் குரல் இரண்டு சுரங்களுக்கிடையே ஆடும். ‘சமம்’ என்னும் இடத்தில் நீண்டு அசையாமல் நிற்கும். ஹேண்டல் சொல்லைப் படமாக வரைந்திருக்கிறார் என்று தெரிந்தால் எங்கே மூச்செடுப்பது என்பதும் தானாகத் தெளியும். முதல் பகுதி திரும்ப வரும் டா காப்போ பாட்டுகளில், இரண்டாம் முறை பாடகரே அலங்காரம் சேர்க்க வேண்டும் என்பதை 1723இலேயே இத்தாலியப் பாடகரும் ஆசிரியருமான தோசி தம் பாட்டு நூலில் எழுதிவிட்டார். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் வியப்பு இருக்காது, ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு: கீழே ஓடும் இசைவொலி (ஹார்மனி) மாறிக்கொண்டே இருப்பதால் ராகத்துக்குள் உலாவும் சுதந்திரம் இங்கே இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று விதமாக எழுதிப் பார்த்து, அவற்றில் அடக்கமானதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் வயலின் வாசிப்பவர் புருவம் தூக்கினால் அதையும் குறைத்துவிடலாம்.

துறைக்குள் நுழையும் வாசல், என் கணிப்பில், போட்டிகளைவிடச் சிறு கோரஸ் குழுக்களே. நடத்துநர் ஜான் எலியட் கார்டினர் 1964இல் தொடங்கிய மான்டிவெர்டி கொயர் போன்ற குழுக்களில் வரிசையில் நின்று பாடுகிறவரே ஒரு பாட்டுக்கு முன்னால் வந்து தனியாகப் பாடுவதும் உண்டு. பரோக் பாட்டுக்குப் பெயர்பெற்ற சொப்ரானோ எம்மா கிர்க்பியும் அப்படித்தான்: ஆக்ஸ்ஃபர்டில் செவ்வியல் மொழிகள் படித்து, பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே கோரஸில் பாடி வந்தவர். பரோக் முறையை ஆழமாகப் படிக்க விரும்புவோருக்கு 1933இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் தொடங்கிய ஸ்கோலா கன்டோரம் என்ற இசைப்பள்ளி இருக்கிறது. இளம் பாடகருக்கு, பரோக் இசை நடத்துநர் வில்லியம் கிறிஸ்டியின் ‘ழார்டன் தே வுவா’ பயிற்சித் திட்டமும் உண்டு. லைப்சிக்கின் பாக் போட்டி, இன்ஸ்ப்ருக்கின் செஸ்தி போட்டி ஆகியவை பெயரை நாலு பேருக்குத் தெரியச் செய்யும். அடுத்த மாத வாடகைக்கு உதவுவது ஞாயிறு தேவாலயப் பாட்டும், நோயுற்றவருக்குப் பதிலாகப் போகும் கச்சேரிகளும்தான். பதிலாள் அழைப்பு காலை பத்து மணிக்கு வரும், மாலையில் மேடையில் நிற்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன பட்டியலுக்கு அன்றுதான் விலை கிடைக்கிறது. சம்பளம் கச்சேரிக் கணக்கு, பாடாத நாளுக்குப் பொதுவாகக் காசில்லை. ரயில் செலவும் தங்கும் செலவும் யாருடையது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

மேடையில் உட்காருவதும் ஒரு வித்தை. ‘மேசியா’வில் டெனர் முன்னிசை முடிந்தவுடனே ‘ஆற்றுங்கள், தேற்றுங்கள்’ என்று ஆரம்பித்துவிடுவார். பாஸோ ‘எக்காளம் தொனிக்கும்’ என்ற பெரிய பாட்டுக்கு மூன்றாம் பகுதிவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் தொண்டை ஆறிப்போகும். ‘அல்லேலூயா’ கோரஸுக்குச் சபையே எழுந்து நிற்கும்போது, கோரஸின் பாஸ் வரியை அடங்கிய குரலில் சேர்ந்து பாடுவது பழைய ஆட்களின் வழி. தண்ணீர் நாற்காலிக்கு அடியில் இருக்கட்டும், ஸ்கோரின் (இசை எழுதிய புத்தகத்தின்) பக்க மூலைகளை முன்கூட்டியே மடித்து வையுங்கள். முந்தைய கோரஸின் கடைசிப் பார்களிலேயே எழுந்துவிட்டால் நடத்துநர் உங்களுக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை.

கச்சேரி முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு கடைசி ரயிலுக்கு ஓடாதீர்கள். பக்க அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டே சங்கத்தின் செயலாளர் வருகிற தவக்காலத்தில் எந்தச் சனிக்கிழமை ஒழிவு என்று கேட்பார். நாட்குறிப்பு அப்போது பெட்டியின் அடியில் கிடக்கக் கூடாது.