அசட்டீக் தீவில் கூடாரம் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் அசட்டீக் தீவுக்கு முதல் முறை வந்தவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். சாயங்காலம் ஐந்து மணிக்கு, பாதி எழும்பிய டென்ட்டின் ஒரு மூலையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் விரல் நீள இரும்பு முளையை மணலில் அடித்துக்கொண்டிருப்பார். அடித்த முளை அடுத்த காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நாங்களும் ஒரு வருடம் அப்படித்தான் நின்றோம். கடைசியில் பக்கத்து டென்ட்காரர் பாவம் பார்த்து நான்கு நீள முளைகள் கொடுத்தார்.

இங்கே வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, காட்டுக்குள் கூடாரம் போட்ட பழக்கத்தை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுவருவதால் வருவது. டென்ட்டோடு பெட்டியில் வரும் முளை மண்ணுக்கானது, மணலில் அதற்குப் பிடிமானம் கிடையாது. ஒன்றரை அடி நீள முளை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, அதன் வயிற்றில் டென்ட் கயிற்றைக் கட்டி, ஓர் அடிக்கு மேல் குழி தோண்டிப் புதைத்து, மேலே மிதித்து இறுக்கிவிடுங்கள். காற்று எவ்வளவு இழுத்தாலும் அவ்வளவு சுலபத்தில் வராது. அப்புறம் நிழலுக்கு மரம் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். கடலோர இடங்களில் வெயிலுக்கும் உங்களுக்கும் நடுவே நீங்கள் கொண்டுவரும் துணிதான் இருக்கும்.

டென்ட் அடிப்பதற்கு முன்பே, முன்பதிவில் நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. இந்தத் தீவில் ஒரே பெயரில் இரண்டு பூங்காக்கள் ஒட்டி இருக்கின்றன. ஒன்று மேரிலாந்து மாநிலப் பூங்கா. கடலோரமாக இரண்டு மைல்தான், ஆனால் அந்த மாநிலப் பூங்காக்களில் கடலைப் பார்த்து இருப்பது இது ஒன்றே. இன்னொன்று மத்திய அரசின் தேசியக் கடற்கரை, 1965ல் உருவானது. பாலத்தைத் தாண்டி நேராகப் போனால் மாநிலப் பூங்கா, வலப்பக்கம் திரும்பினால் தேசியக் கடற்கரை. ஒன்றில் பதிவு செய்துவிட்டு இன்னொன்றின் வாசலில் வந்து நிற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்திர பாஸ் மாநிலப் பூங்காவில் செல்லாது. மாநிலப் பூங்காவில் ஒரு வருடத்துக்கு முன்பே இடம் பிடிக்கலாம், தேசியக் கடற்கரையில் ஆறு மாதம். குழந்தைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு மாநிலப் பூங்காவுக்குத்தான். அங்கே வெந்நீர்க் குளியலும் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் உண்டு. தேசியக் கடற்கரையில் குழிக் கழிப்பறையும் பச்சைத் தண்ணீரும்தான்.

இந்தத் தீவில் காட்டுக் குதிரைகள் அவிழ்த்துவிட்ட மாதிரி திரியும். ஜூலை கடைசியில் அவை நீந்துவதைப் பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது தீவின் தெற்கே, விர்ஜீனியா மாநிலப் பக்கம் சின்கோடீக் என்ற ஊரில் நடப்பது. தீவுக்குள்ளேயே வண்டியில் அங்கே போக வழி கிடையாது. பாலம் ஏறித் திரும்பி வந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும்.

கொசுவுக்கு வருவோம். தீவின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் விரிகுடா, அதன் ஓரமெல்லாம் உப்புச் சதுப்பு. கடல்காற்று அடிக்கும்வரை சொர்க்கம். காற்று திரும்பி மேற்கே, சதுப்புப் பக்கம் இருந்து அடித்தால் சதுப்பில் இருக்கும் கொசுவெல்லாம் உங்கள் டென்ட்டுக்கு வந்துவிடும், கூடவே கடிக்கிற ஈக்களும். முன்பதிவு செய்யும்போது 'விரிகுடா ஓரம் அமைதியாக இருக்கும்' என்று தோன்றும், ஆனால் ஜூலை, ஆகஸ்ட்டில் கடல் பக்கத்து இடத்தையே எடுங்கள். செப்டம்பரில் கூட்டமும் குறைவு, கடல் தண்ணீரும் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் அது புயல் காலம், வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புதருக்குள் நடந்து வந்தால் உண்ணி ஏறியிருக்கிறதா என்று குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, காது மடல் எல்லாம் தடவிப் பாருங்கள்.

கடலில் இறங்குவதற்கு, கோடையில் உயிர்காப்பாளர்கள் நிற்கும் பகுதியைத் தவிர வேறு இடத்தை நான் சொல்ல மாட்டேன். ரிப் கரண்ட், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம், உங்களை இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதுதான் பெரிய தவறு. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்த பிறகு திரும்புங்கள்.

மணல்மேட்டில் ஏறி போட்டோ எடுப்பதும் அங்கே தடை. அதில் முளைத்திருக்கும் புல்லின் வேர்தான் மணலைக் கட்டிப் பிடித்திருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே பெரிய விடுமுறை ஊர் ஒன்றைக் கட்ட ஆயிரக்கணக்கில் மனை போட்டு விற்றார்கள், தார்ச்சாலையும் போட்டார்கள். 1962 மார்ச் மாதப் புயல் அத்தனையையும் கலைத்துப்போட்டது. அந்தச் சாலையின் உடைந்த துண்டுகளைத் தேசியக் கடற்கரையின் நடைபாதை ஒன்றில் இன்றும் பார்க்கலாம்.

குதிரைகளை வைத்துத்தான் அதிகத் தவறு நடக்கிறது. அவை டென்ட்டுகளுக்கு நடுவே நம்மூர்த் தெருமாடு மாதிரி சாவகாசமாக வரும், அதனால் பழகின பிராணி என்று தோன்றிவிடும். வயிறு உப்பியிருப்பதைப் பார்த்துச் சினை என்று நினைப்பவர்கள் உண்டு. உப்பான சதுப்புப் புல்லைத் தின்றுவிட்டு நிறையத் தண்ணீர் குடிப்பதால் வரும் உப்பல் அது. குறைந்தது 40 அடி, ஒரு பஸ் நீளம், தள்ளி நில்லுங்கள் என்பது விதி. குதிரை உங்களை நோக்கி வந்தால் நகர வேண்டியது நீங்கள்தான். கடிக்கும், உதைக்கும்.

ஐஸ் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். மூடியைத் திறக்கக் குதிரைகளுக்குத் தெரியும். டென்ட்டுக்குள் சாப்பாடு இருந்தால் துணியைக் கிழித்துக்கொண்டு தலையை விடும். சிப் என்று எல்லோரும் கூப்பிட்ட ஆண் குதிரை ஒன்று இப்படி மனிதர்களின் சாப்பாட்டுக்குப் பழகி, முகாமுக்குள் புகுந்து ஆட்களைக் காயப்படுத்தவும் ஆரம்பித்தது. 2022ல் அதைத் தீவிலிருந்தே பிடித்து, டெக்சஸில் உள்ள சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முதல் பிஸ்கட் கொடுத்தவர் அன்பாகத்தான் கொடுத்திருப்பார்.

எங்கள் புளியோதரை டப்பா இப்போதெல்லாம் பூட்டிய வண்டிக்குள்ளேதான் இருக்கிறது. சாப்பிடும் பத்து நிமிடத்துக்கு வெளியே வரும், அதுவும் சுற்றும் முற்றும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.