ட்ரேஸ் பஃபர நிறுத்தும்போது பண்ணக்கூடாத தப்புகள்

நாகர்கோவில்ல எங்க ஆபீஸுக்கு வருஷாவருஷம் டிரெய்னிங்குக்கு பிள்ளைய வருவாவ. லினக்ஸ் கெர்னல்ல (சிஸ்டத்துக்க மையப் பகுதி) என்ன நடக்குன்னு பதிஞ்சு காட்டுற எஃப்ட்ரேஸ் கருவிய ஓட்ட நல்லாவே தெரியும், ஒழுங்கா நிறுத்தத்தான் தெரியாது. அந்தப் பதிவு சேருற மெமரிதான் ட்ரேஸ் பஃபர். நான் ஆரம்பத்துல பண்ணுன அதே தப்ப இந்த தடவையும் ரெண்டு பேர் பண்ணிட்டாவ, அதான் எழுதுறேன். ரூட் (அட்மின் அனுமதி) இல்லாம கமாண்ட் அடிக்கது மாதிரி சின்ன விஷயமெல்லாம் விட்டுடுறேன்.

பொது பஃபர்ல கை வைக்கது

இத நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியும். ஆரல்வாய்மொழி காத்தாடி டேட்டா சேக்க ஒரு லினக்ஸ் பாக்ஸ், ஆடிக் காத்து நேரத்துல எப்பவாச்சும் ஒருக்க நாலஞ்சு செகண்ட் அப்படியே நின்னுரும். ஏன்னு பாக்க ஷெட்யூலர் ஈவன்ட்ட (எந்த வேலைக்கு எப்ப சிபியு கெடைச்சுதுங்குற பதிவு) ஆன் பண்ணிட்டு மூணு ராத்திரி காத்துக் கெடந்தேன். அதே பாக்ஸ்ல இன்னொருத்தன் கெர்னல் ஃபங்ஷன் ஒவ்வொண்ணையும் பதியுற ஃபங்ஷன் ட்ரேஸர ஓட்டியிருக்கான், லோடு ஏறுதுன்னு பதிவ நிறுத்துற ட்ரேஸிங்-ஆன் ஃபைல்ல 0 போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நாலாம் நாள் காலைல பாக்ஸ் நின்னுச்சு, ஓடிப்போய் பாத்தா பஃபர்ல முந்துன நாள் சாயங்காலத்தோட பதிவு முடிஞ்சிருக்கு.

கேளு மக்கா, ட்ரேஸிங் ஃபோல்டர்ல மேல்மட்டத்துல இருக்க அந்த ஒரே பொது பஃபர்லதான் எல்லாரும் எழுதுறோம், அத மூடுனா எல்லாருக்கும் மூடும். அவனுக்க லோடாவது கொறஞ்சுதா? அதுவும் இல்ல. 0 போட்டா பஃபர்ல எழுதுறது மட்டும்தான் நிக்கும், ட்ரேஸர் ஒவ்வொரு ஃபங்ஷன்லயும் மாட்டுன கொக்கி அப்படியே கெடக்கும், சிபியு அதுக்கு வேல செஞ்சிட்டேதான் இருக்கும். கரண்ட்-ட்ரேஸர் ஃபைல்ல நாப்னு (nop, எந்த ட்ரேஸரும் வேண்டாம்) எழுதுனாத்தான் கொக்கி கழறும், ஈவன்ட்னா அதுக்க எனேபிள் ஃபைல்ல 0 போடணும்.

வேல ஆரம்பிக்கும்போதே ட்ரேஸிங்குக்குள்ள இருக்க இன்ஸ்டன்ஸஸ் ஃபோல்டர்ல உன் பேர்ல ஒரு டைரக்டரி போடு. லினக்ஸ் 3.10ல இருந்தே இந்த வசதி உண்டு. தனி பஃபர், தனி ட்ரேஸிங்-ஆன், அங்க நீ என்ன மூடுனாலும் அடுத்தவனுக்கு சேதமில்ல.

எக்கோ 0> னு ஒட்டி அடிக்கது

ட்ரேஸிங்-ஆன்ல 0 போடும்போது 0க்கும் அம்புக்குறிக்கும் நடுவுல ஸ்பேஸ் விடு. ஒட்டுனா ஷெல் அத ஃபைல் டிஸ்கிரிப்டர் 0னு (இன்புட்டுக்க நம்பர்) எடுத்துக்கும், ஃபைல்ல 0 போகாது, ட்ரேஸிங் ஓடிட்டேதான் இருக்கும்.

பஃபர் சைஸ்

பஃபர் சைஸுன்னு நீ போடுறது ஒரு சிபியுவுக்கான கணக்கு. நாலு கோர்ல 100 எம்பி போட்டா 400 எம்பி போச்சு.

ட்ரேஸ்-பைப்ப சும்மா எட்டிப் பாக்கது

ட்ரேஸ்-பைப் ஃபைல்ல படிச்ச வரி பஃபர்ல இருந்து போயிரும். பாக்கணும்னா ட்ரேஸ் ஃபைல பாரு.

முடிச்சிட்டு அப்படியே விட்டுட்டுப் போறது

இன்ஸ்டன்ஸஸ்ல போட்ட உனக்க டைரக்டரிய ஆர்எம்டிர் (rmdir) கமாண்ட் போட்டு எடுத்துரு. பிஸின்னு வந்தா அதுக்க ஃபைல் எதையோ ஏதோ டெர்மினல்ல இன்னும் தொறந்து வச்சிருக்கன்னு அர்த்தம், போய் மூடிட்டு வா.