தண்ணீர்ச் சிக்கனச் சோதனை நடத்துவோர் சறுக்கும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் இளைஞர் குழு தண்ணீர்ச் சிக்கனத்தை ஆராயப் புறப்பட்டால், முதலில் தயாராவது வினாத்தாள்தான். "குழாயை வீணாகத் திறந்து விடுவீர்களா?" என்று கேட்டால் எந்த அக்கா ஆமாம் என்பார்? வாய்ச்சொல்லை நம்பி முடிவு எழுதுவது பெரும் பிழை. மாத ரசீதிலேயே கிலோலிட்டர் கணக்கு இருக்கிறது. அனுமதி பெற்று அதைப் பாருங்கள்.

அதிலும், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடச் சொல்லி வீடுகளுக்குக் கடிதம் அனுப்புவதற்கு முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் டர்பனில் ஏமாந்துபோவோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, அவ்வூர்க் குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தன. அப்போது அங்கே சிக்கனக் கடிதம் அனுப்பியிருந்தால், குழாய் வறண்டதால் குறைந்த அளவெல்லாம் கடிதத்தின் சாதனையாகிவிட்டிருக்கும். எனவே குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்குக் கடிதம் கொடுங்கள், மீதிப் பேருக்குக் கொடுக்காதீர்கள், அதே மாதத்தில் இரு தரப்பையும் ஒப்பிடுங்கள். தெருத் தெருவாகக் குலுக்குவதே நல்லது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு வீட்டுக் கடிதத்தை மறு வீடு படிக்காமல் இருக்காது. "விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்" என்று ஆள் சேர்க்கவும் வேண்டாம். வருகிறவர்கள் ஏற்கனவே சிக்கனக்காரர்கள்.

கடிதத்தின் வாசகமும் கவிழ்த்துவிடும். கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் வீடுகளுக்கு அக்கம்பக்கத்தாரின் சராசரி மின்செலவைத் தெரிவித்தார்கள். அதிகம் செலவிட்டவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவிட்டவர்களோ கூட்டிவிட்டார்கள்! 2007இல் வெளியான ஆய்வு இது. கூடவே ஒரு சிரித்த முகம் வரைந்து பாராட்டியபோது அந்த ஏற்றம் மறைந்தது. சிக்கனமாக இருப்பவரைப் பாராட்டாமல் சராசரியை மட்டும் நீட்டாதீர்கள்.

கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வும் மனிதரை மாற்றும். அமெரிக்காவில் 'நீங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறீர்கள்' என்று மட்டும் அஞ்சலட்டை அனுப்பியதற்கே மின்பயன்பாடு 2.7 விழுக்காடு குறைந்தது. அட்டை நின்றதும் பலன் போயிற்று. ஆகவே கடிதம் பெறாத தரப்புக்கும் ஆய்வு நடப்பதை ஒரே விதமாகச் சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகும் சில மாத ரசீதுகளைப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது, மிகக் குறைந்த வீடுகளை வைத்துச் சோதிக்கும் பிழை. கேப் டவுனில் 2015-16இல் சுமார் 4 லட்சம் வீடுகளில் இத்தகைய செய்திகளைச் சோதித்தார்கள். கிடைத்த குறைவு 0.6 முதல் 1.3 விழுக்காடு. இவ்வளவு சிறிய மாற்றம் நாற்பது வீடுகளில் கண்ணுக்கே தெரியாது. "பலனில்லை" என்று எழுதி, நல்ல யோசனை ஒன்றைக் குப்பையில் போட்டுவிடுவோம்.

சிறிய குழு தண்ணீரை விட்டுச் சோறு வீணாவதைச் சோதிக்கலாம். அதற்குப் புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானம் தோதானது. ஒவ்வொரு பந்திக்கும் நாணயம் சுண்டி, சிறிய தட்டா பெரிய தட்டா என்று முடிவு செய்யுங்கள். மிச்சச் சோற்றைச் சாப்பிடுகிறவர் கண்ணில் படாமல் சமையற்கட்டில் எடை போடுங்கள். பந்தியில் எத்தனை பேர் அமர்ந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைக்கணக்கு இல்லாத எடையால் பயனில்லை.