கடலுக்குள் கடிக்காதீங்க: ஸ்கூபாவும் தாடை வலியும்

முதுகில் சிலிண்டரைக் கட்டி, அதிலுள்ள காற்றைச் சுவாசித்தபடி கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா பழகிவிட்டு வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் சிலர், காதுக்கு முன்னால் வலிக்கிறது, வாயைத் திறந்தால் ‘டக்’கென்று சத்தம் வருகிறது என்கிறார்கள். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்கள் வாயில் எதையும் கவ்வியதில்லை. சிலிண்டரோடு வாயில் கவ்விக்கொள்ளும் மவுத்பீஸும் வந்தது, கூடவே தாடை மூட்டுத் தொல்லையும்.

பெரிய தவறு, மவுத்பீஸை இறுக்கிக் கடிப்பது. ‘விட்டால் போச்சு’ என்ற பயம்தான் காரணம். மவுத்பீஸ் மாட்டியிருக்கும், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை உதடுதான் பிடிக்க வேண்டும். பல் சும்மா படிந்திருந்தால் போதும். பல்லுக்கிடையே வைக்கும் அந்தச் சிறு துண்டுகள் பெரும்பாலும் கோரைப்பல்லை ஒட்டியே முடிந்துவிடும். கடைவாய்ப் பல்லுக்கு முட்டு கிடையாது. கீழ்த்தாடை முன்னே தள்ளி நிற்க, முக்கால் மணி நேரம் கடித்தபடியே நீந்தினால் பாரமெல்லாம் மூட்டிலும் கன்னத் தசையிலும் இறங்கும். மவுத்பீஸில் பல் பதிந்து கிழிந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

வாடகை மவுத்பீஸ் எல்லா வாய்க்கும் பொருந்தாது. சொந்தமாக ஒன்று வாங்குங்கள். மவுத்பீஸை ரெகுலேட்டரோடு கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டையை வெட்டி மாற்றிவிடலாம். வெந்நீரில் இளக்கிப் பல்லுக்கேற்பப் படியவைக்கும் வகையும் உண்டு. சாதாரண சிலிக்கானை அப்படிப் போட்டுப் பயனில்லை. வலது தோள் வழியே வரும் காற்றுக் குழாய் (ஹோஸ்) குட்டையாக இருந்தால் தலை திருப்பும்போதெல்லாம் வாயை இழுக்கும்; அதையும் பாருங்கள். பல்லில் கம்பி, கழற்றும் பல்செட் இருந்தால் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காது வலி என்று நினைத்துக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காது அழுத்தம் என்றால் கீழே இறங்கும்போது உள்ளே குத்தும். தாடை என்றால் மெல்லும்போதும், காதுக்கு முன்னால் விரலால் அழுத்தும்போதும் நோகும். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் கேடு. காது அடைத்தாலோ ரத்தம் வந்தாலோ காது மருத்துவர் பார்க்கும்வரை தண்ணீரில் இறங்கவே கூடாது.

தாடைதான் என்றால் சில நாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, டைவிங்கை நிறுத்துங்கள். முறுக்கு, பனங்கிழங்கு, சூயிங்கம் மூன்றும் தள்ளி வையுங்கள்; அல்வாவுக்குத் தடையில்லை. வாய் திறக்காமல் பூட்டிக்கொண்டாலோ, இரண்டு வாரத்தில் வலி தணியாவிட்டாலோ பல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது மவுத்பீஸையும் எடுத்துப்போங்கள்.