சுவிசில் வெளியே சாப்பிடப் போகும் மரக்கறிக்காரருக்கு

சுவிசுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மச்சம் தொடவே மாட்டீர்கள், அல்லது வெள்ளிக்கிழமையிலாவது தவிர்ப்பீர்கள். அப்படியென்றால் மெனுவில் இறைச்சியின் பெயர் இல்லை என்பதை மட்டும் நம்பி எதையும் எடுத்துவிட வேண்டாம்.

ரோஷ்டி உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்து எடுப்பதுதான். ஆனால் 'பேர்னர் ரோஷ்டி' என்று கேட்டால் அதற்குள் 'ஷ்பெக்' எனும் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும். பாசலில் ஃபாஸ்னாக்ட் திருவிழா அதிகாலை 4 மணிக்கு இருட்டில் தொடங்கும். அப்போது குளிருக்கு எல்லோரும் குடிக்கும் வறுத்த மாச் சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில் காய்ச்சியது. திச்சினோவில் ரிசொட்டோ எனும் சோற்றை வாங்கும்போதும் எந்தச் சாற்றில் அவித்தது என்று கேளுங்கள். கிராவ்புண்டனின் கப்புன்ஸ் பார்வைக்கு வெறும் இலைச்சுருள். உள்ளே உலர் இறைச்சி இருக்கும். டொச் (ஜெர்மன் மொழி) வராவிட்டாலும் "ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஷ்பெக்" (இறைச்சி இல்லாமல், ஷ்பெக் இல்லாமல்) என்ற இரண்டையும் பாடமாக்கி வையுங்கள். ஷ்பெக்கைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளைகளோடு போனால் எல்ப்ளர்மக்ரோனன் கேளுங்கள். மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ், பக்கத்தில் ஆப்பிள் மசியல். ஷ்பெக் போடாமல் தரச் சொன்னால் போதும். உறைப்பு இல்லாததால் சின்னதுகள் மிச்சம் வைக்காது.

சீஸ் விஷயம் கொஞ்சம் சிக்கல். க்ரூயேர் போன்ற பாரம்பரிய சீஸ்களில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. இங்குள்ள பலர் அதையும் மரக்கறிச் சாப்பாடாகவே எண்ணுவார்கள், பரிமாறுபவரோடு வாதாடிப் பயனில்லை. கடுமையாகப் பார்ப்பவர்கள் கடையில் 'மிக்ரோபியெல்லெஸ் லாப்' (நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்த நொதி) என்று எழுதிய பொதியைத் தேடி வாங்கலாம். உருக்கிய சீஸில் பாணைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபொண்டுவில் வெள்ளை வைனும் கிர்ஷ் மதுவும் சேரும். மது கூடாதென்றால் ராக்லெட் நல்லது: உருக்கிய சீஸ், அவித்த உருளைக்கிழங்கு, ஊறுகாய் வெள்ளரி, அவ்வளவுதான்.

கேள்வியே கேட்காமல் சாப்பிட, சூரிச்சில் ஹில்ட்ல் இருக்கிறது. 1898 முதல் நடக்கும் சைவ உணவகம். பஃபேயில் தட்டை நிறுத்துத்தான் விலை போடுவார்கள், கல்யாண வீட்டுப் பந்தி என்று எண்ணிக் குவித்துவிடாதீர்கள். பேர்னில் ஐரோப்பா சதுக்கத்தில் 2014 டிசம்பரில் திறந்த 'மதங்களின் இல்லம்' இருக்கிறது. அங்கே நம் சைவக்கோயிலும் உண்டு, மரக்கறிச் சமையலும் உண்டு.

நேரம் முக்கியம். மத்தியானம் 2 மணிக்குப் பிறகு பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிட்டு மாலை 6 மணிக்குத்தான் மறுபடி மூட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அநேகமான கடைகள் பூட்டு. சூரிச், பேர்ன் பிரதான ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை திறந்திருக்கும். சேவைக் கட்டணம் 1974இலிருந்து பில்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, விரும்பினால் சில்லறையைச் சேர்த்து முழுத்தொகையாகக் கொடுங்கள்.

வேலையிடத்தில் யாராவது 'அப்பெரோ'வுக்குக் கூப்பிட்டால் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டே போங்கள். பானமும் கடலையும் சிப்ஸும்தான் பெரும்பாலும் கிடைக்கும். 'அப்பெரோ ரீஷ்' என்று அழைப்பில் இருந்தால் மட்டும் வயிற்றைக் காலியாக வைத்திருக்கலாம்.