மஸ்கி வீச்சில் கைகள் செய்யும் தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள கவார்த்தா ஏரிகளில் மஸ்கி மீன் பிடிக்கும் சீசன் ஜூன் முதல் சனிக்கிழமை திறக்கும். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் விடியுமுன் வண்டியை எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் பிஜன் லேக் கரையில் நிற்கலாம். ஒவ்வொரு வருஷமும் என் படகில் புதிதாக யாராவது ஒருவர் ஏறுகிறார். பெரும்பாலும் பாஸ் மீன் பிடித்துப் பழகியவராக இருப்பார், இல்லையென்றால் சின்ன வயசில் ஊர்க் குளத்தில் மூங்கில் கம்போடு உட்கார்ந்தவராக இருப்பார். நல்ல ராடு (தூண்டில் கம்பு), நல்ல ரீல் (நூல் சுற்றும் கருவி), எல்லாமே புதுசு. முதல் பத்து வீச்சைப் பார்த்தாலே, பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது ஞாபகத்துக்கு வந்துவிடும். அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில்.

மஸ்கி, பைக் குடும்பத்திலேயே பெரிய மீன். நாலடிக்கு மேலும் வளரும், ஆனால் மெதுவாக வளரும். பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்பது இங்கே பழைய பேச்சு. கவார்த்தாவில் நிலைமை அவ்வளவு மோசமில்லை, இங்கே ராட்சத மீன்கள் குறைவு என்றாலும் எண்ணிக்கை அதிகம். ஆனாலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வீசிவிட்டு, ஒரு மீனின் நிழலைக்கூடப் பார்க்காமல் திரும்புவது சகஜம். அப்படிப்பட்ட நாளில் ஒரே ஒரு மீன் வருகிறது, அந்த நொடியில் நம் கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரீலைத் தலைகீழாகப் பிடிப்பது, கட்டைவிரலை எடுத்துவிட்டு வீசி நூலைச் சிக்காக்குவது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முதல் நாளிலேயே யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள். யாரும் திருத்தாமல் வருஷக்கணக்கில் கூடவே வரும் தவறுகள் வேறு.

லூர் (போலி இரை) தண்ணீரில் விழுந்த பிறகு கை மாற்றுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும் தவறு இதுதான். வலக்கைப் பழக்கம் உள்ளவர், வலப்பக்கம் ஹேண்டில் உள்ள ரீலை வைத்திருக்கிறார் என்று வையுங்கள். வீசும்போது வலக்கை ரீலில் இருக்கும், கட்டைவிரல், நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலின் மேல். இடக்கை ராடின் அடிப்பகுதியில். வீசி முடித்ததும் இடக்கை ரீலுக்கு வர வேண்டும், வலக்கை ஹேண்டிலுக்குப் போக வேண்டும். கேள்வி, அது எப்போது நடக்கிறது என்பதுதான்.

புதியவர் செய்வது இப்படி. வீசுவார். லூர் போவதை ரசிப்பார். ‘தொப்’பென்று விழும். கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்துவார். அப்புறம் வலக்கையில் இருப்பதை இடக்கைக்கு மாற்றுவார், ஹேண்டிலைத் தேடுவார், சுற்றுவார், ‘டக்’கென்று ரீல் பூட்டிக்கொள்ளும், அதுவரை ஸ்பூல் தன்னிஷ்டத்துக்குச் சுற்றும். நான் படகின் பின்னால் நின்று மனசுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்ச் சத்தத்துக்கும் ‘டக்’ சத்தத்துக்கும் நடுவே ஒன்று, இரண்டு, சில சமயம் மூன்று நொடி.

அந்த இரண்டு நொடியில் என்ன ஆகிறது? மஸ்கிக்கு வீசும் லூர் சாதாரண எடையில்லை. பெரிய இரட்டைத் தகடு சுழலும் பக்டெயில் இரண்டு, மூன்று அவுன்ஸ் இருக்கும். பெரிய ரப்பர் லூர் எட்டு அவுன்ஸுக்கும் போகும். தளர்ந்த நூலோடு அது நேரே மூழ்கும். பிஜன், பக்ஹார்ன், செமாங் ஏரிகளில் நாம் வீசுவதே நீர்ச்செடிக் காட்டின் மேல்தான். செடியின் உச்சிக்கும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் இடையே இரண்டடி இருந்தால் அதிகம். லூர் செடிக்குள் இறங்கும், ஒரு இழை முள்ளில் மாட்டும். தகட்டில் மாட்டினால் சுழலவே சுழலாது. அந்த வீச்சு முழுவதும் வீண். செடியை இழுத்துவரும் லூரை மஸ்கி திரும்பிக்கூடப் பார்க்காது. நாள் முழுக்க இப்படி வீசுகிறவர், பாதி நாள் மீன்பிடிக்கவே இல்லை.

செடி போனால் போகட்டும், எடுத்துவிட்டு மறுபடி வீசலாம். பெரிய சேதம் வேறு இடத்தில் இருக்கிறது. மஸ்கி சில சமயம் லூர் விழுந்த மறுகணமே பாயும். செடிக்குள் அசையாமல் நின்றுகொண்டிருக்கும் மீன், தலைக்கு மேல் ஏதோ விழுந்த சத்தம் கேட்டதும் யோசிக்காது.

என் முதல் வருஷம், அக்டோபர் சாயங்காலம், பிஜன் லேக். லூர் விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் உள்ளிருந்து யாரோ தோள் கொடுத்தது போல உப்பியது. என் வலக்கை ட்ரிகரை, அதாவது ரீலுக்கு அடியில் விரல் மாட்டும் கொக்கியை, விட்டிருந்தது. இடக்கை இன்னும் ரீலைச் சுற்றவில்லை. ராடு என் இரண்டு கைகளுக்கும் நடுவே பக்கவாட்டில் புரண்டது. ரீல் பூட்டவில்லை, நூல் தளர்ந்து கிடக்கிறது, முள் ஏற்ற எதுவுமே இல்லை. மீன் ஒரு தடவை தலையை உதறியது. வால் மட்டும் தெரிந்தது, என் விரித்த கையைவிட அகலம். அவ்வளவுதான். அந்த மீன் என் லூரைத் தேடி வந்து கடித்தது, கை மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்ஹார்னில் நடந்தது இதைவிட மோசம். நண்பர் ஒருவரின் தம்பி, நல்ல பையன். காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டேன், “தம்பி, லூர் காத்தில இருக்கும்போதே கையை மாத்துங்க.” “சரிண்ணே, சரிண்ணே” என்பார், அடுத்த வீச்சில் பழையபடிதான். மத்தியானம் லூர் விழுந்ததும் மீன் எடுத்தது. ரீல் பூட்டாமல் ஸ்பூல் சுதந்திரமாகச் சுற்றும் நிலை. ராடு அவருடைய இடக்கையில், ரீலுக்கு முன்னால், இரண்டே விரல் பிடியில். மீன் இழுத்த வேகத்தில் ஸ்பூல் கட்டுக்கடங்காமல் சுற்றியது, நூல் தன்மேல் தானே சிக்கியது, சிக்கு இறுகி ஸ்பூல் ஒரேயடியாக நின்றது. எண்பது பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நூல், நீளவே நீளாது என்று சொல்லலாம். அந்த உலுக்கல் நேரே ராடுக்கு வந்தது. ராடு அவர் கையிலிருந்து உருவி, படகின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, தண்ணீருக்குள் போய்விட்டது.

கனமான ஈயத்தலை லூரைக் கட்டி, பன்னிரண்டு அடி ஆழத்தைச் சாயங்காலம் வரை துழாவினோம். ராடு கிடைத்தது. சிக்கு விழுந்த இடத்தில் நூல் அறுந்திருந்தது. அந்தத் தம்பிக்கு ராடு கிடைத்ததில் சந்தோஷம். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பிடித்த மஸ்கியை அளந்து, படம் எடுத்து, தண்ணீரில் தாங்கிப் பிடித்து விட்டுவிடுகிறோம். அந்த அளவுக்கு வளர அதற்குப் பத்து வருஷம்கூட ஆகியிருக்கும். அது இரண்டு மும்முள் கொக்கியை வாயில் வைத்துக்கொண்டு, பின்னால் நூலை இழுத்துக்கொண்டு எங்கேயோ கிடந்தது. ஒரு கை மாற்றத்தை ஒரு நொடி முன்னால் செய்திருந்தால் இது நடந்திருக்காது.

சரி, எப்படிச் செய்வது? லூர் பறந்துகொண்டிருக்கும்போது வலக் கட்டைவிரல் ஸ்பூலை லேசாகத் தடவிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்திலேயே இடக்கை அடிப்பிடியை விட்டு மேலே வந்து, ரீலின் இடப்பக்கத்தை உள்ளங்கைக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். இடக் கட்டைவிரல் ஸ்பூலைத் தொட்ட பிறகுதான் வலக் கட்டைவிரல் எடுபட வேண்டும். இரண்டு கட்டைவிரலும் ஒரு கணம் சேர்ந்து ஸ்பூலில் இருப்பது நல்லது. கைக்குழந்தையை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்குவது போல, அவர் பிடித்தாயிற்று என்று தெரிந்த பிறகுதான் நாம் விடுவோம். வலக்கை ஹேண்டிலுக்குப் போகும். லூர் தண்ணீரைத் தொட ஒரு முழம் இருக்கும்போது இடக் கட்டைவிரல் ஸ்பூலை நிறுத்தும், வலக்கை கால் சுற்றுச் சுற்றும். முதலில் ‘டக்’, அப்புறம்தான் ‘தொப்’. காதால் கேட்டே சரிபார்த்துக்கொள்ளலாம். லூர் விழும்போது நூல் நேராக இறுகி இருக்கும், தகடு விழுந்த இடத்திலேயே சுழலத் தொடங்கும். லூர் நின்ற பிறகும் ஸ்பூல் ஓடுவதால் வரும் சிக்கும் இதிலேயே ஒழிந்துவிடும்.

முள் இல்லாமல், மூன்று அவுன்ஸ் ஈயக்கட்டியைக் கட்டி, ஆள் இல்லாத புல்வெளியில் ஒரு மணி நேரம் வீசிப் பாருங்கள். எனக்கு நாலு சாயங்காலம் ஆனது.

“இடப்பக்கம் ஹேண்டில் உள்ள ரீல் வாங்கினால் கை மாற்றவே வேண்டாமே?” என்று கேட்பார்கள். உண்மைதான். வலக்கை இருந்த இடத்திலேயே இருக்கும், அடிப்பிடியில் இருந்த இடக்கை ஹேண்டிலுக்கு வந்தால் போதும். ரீல் செய்யும் கம்பெனிகளான ஆபுவும் ஷிமானோவும் பல ரீல்களின் எண்ணில் கடைசி இலக்கத்தை 1 என்று போட்டால் அது இடப்பக்கம்: 6500க்கு 6501, டிராங்க்ஸ் 400க்கு 401. ஆனால் பெரிய தகடு லூர் தண்ணீரில் இழுக்கும் பாரத்தை நாள் முழுக்க இடக்கையால் சுற்றிப் பார்த்தேன், மத்தியானத்துக்குள் தோள் கெஞ்சியது. அதனால் பக்டெயிலுக்கு வலப்பக்க ஹேண்டில், ராடை வெட்டி வெட்டி ஆட்டும் ஜெர்க் லூருக்கு இடப்பக்க ஹேண்டில் என்று இரண்டும் வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒன்றுதான் என்றால் எது வசதியோ அதை வாங்குங்கள். எந்தப் பக்கமானாலும் ‘டக்’ முதலில் வர வேண்டும்.

ரீலுக்குப் பின்னால் மட்டும் பிடிப்பது

சுற்றி இழுக்கும்போது ரீலைத் தொடாமல், பின்பிடியை மட்டும் பிடித்துக்கொள்வது. எட்டரை, ஒன்பது அடி ராடு, நுனியில் இழுக்கும் பாரம், அத்தனையையும் மணிக்கட்டு ஒன்றே தாங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ரீல் இடமும் வலமும் ஆடும். ரெண்டு வாரத்தில் முழங்கை வலி வரும், அது குளிர்காலம் வரை போகாது.

ரீலையே உள்ளங்கைக்குள் வையுங்கள். ட்ரிகர் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே வரட்டும். கட்டைவிரல் ரீலின் மேல்மூடியில் படியட்டும். ராடின் அடி முழங்கையின் உட்புறத்திலோ விலாவிலோ ஒட்டி நிற்கட்டும். அப்போது பாரத்தை உடம்பு வாங்கிக்கொள்ளும். இழுவை ரொம்ப அதிகமான லூர் என்றால் இடக்கையை ரீலுக்கு முன்னால் உள்ள பிடிக்குக் கொண்டுபோய், அடியை இடுப்பில் ஊன்றிக்கொள்ளலாம், தப்பில்லை.

உருண்டையான பழைய மாதிரி ரீல்கள் எல்லார் கைக்கும் அடங்காது. என் கை சின்னக் கை, 400 அளவு உருண்டை ரீலைப் பிடித்தால் விரல் சுற்றி வராது, தட்டையான ரீல்தான் சரிப்படும். கடையில் பெட்டியோடு வாங்காதீர்கள். ராடில் மாட்டித் தரச் சொல்லி, ஐந்து நிமிஷம் கையில் வைத்துப் பாருங்கள்.

வலக்கையால் மட்டும் வீசுவது

வீச்சின் பலம் இடக்கையில். அடிப்பிடியை வயிற்றை நோக்கி இழுங்கள், மற்றதை ராடு பார்த்துக்கொள்ளும்.

ராடு நுனியைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றுவது

தாழ்த்துங்கள். தூக்கிய ராடில் முள் ஏற்ற இடமே இல்லை.

நனைந்த கையுறை

ஸ்பூல் வழுக்கும். கட்டைவிரல் பக்கத்தை வெட்டிவிடுங்கள்.

படகருகே எட்டுப் போடும்போது பழைய பிடியிலேயே இருப்பது

மஸ்கி பல சமயம் லூரின் பின்னாலேயே படகு வரை வந்துவிட்டு, அங்கே வைத்துத்தான் கடிக்கும், அல்லது கடிக்காமல் போகும். அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் லூரைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், ராடு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கிப் பெரிய எட்டு வரைய வேண்டும். இதை எல்லாரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் கை ஹேண்டிலிலேயே இருக்கிறது, ராடின் அடி விலாவிலேயே ஒட்டியிருக்கிறது. அந்தப் பிடியில் எட்டு வராது, ஒரு சின்ன முட்டைதான் வரும். நாலடி மீன் அந்த வளைவில் திரும்ப முடியாது.

லூர் படகை நெருங்கும்போதே, நுனிக்கு வெளியே ஒன்றரை அடி மிச்சமிருக்கையில், வலக்கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துப் பின்பிடியின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். இடக்கை ரீலில், கட்டைவிரல் ஸ்பூலில் அழுத்தமாக. முழங்காலை மடக்கி, தோளிலிருந்து வரையுங்கள். திருப்பங்களை அகலமாக்குங்கள், திருப்பத்தில் நுனியை இன்னும் ஆழமாக இறக்குங்கள். மீன் கடித்தால் மேலே தூக்க வேண்டாம், பக்கவாட்டில் இழுங்கள். முள் ஏறியதும் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள், எடுக்காவிட்டால் படகுக்கடியில் பாயும் மீனுக்கு முன்னால் முள் நிமிரும், இல்லையென்றால் ராடு உடையும்.

போன ஜூனில் அதே தம்பி மறுபடியும் வந்தார். முதல் வீச்சுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ‘டக்’ கேட்டது. அப்புறம் ‘தொப்’.